விருந்தும் அணங்கும்

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கென்பர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்பன அவை. இந்நான்கினையும் தனித்தனியே எடுத்து உதாரணங் காட்டிச் செல்வது உரையாசிரியர் மரபு. ஆயின், இவற்றுள் இரண்டு ஓரிடத்தே எதிர்ப்படுமாயின் நிகழ்வது யாது? கள்வர் அணங்கின் மனையுட் புகுந்து, தாம் கள்வராகப் புகுந்ததனையும் மறந்து, அம்மனை தமதேயென விருந்தயரத் தொடங்குவாராயின், அவ்வச்சம் யாருக்குரியது? இவ்வினாவை எழுப்பும் திரைப்படமொன்று 2021 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலிருந்து வெளிவந்தது. அதன் பெயர் 'குலெத்'. வேல்ஸ் மொழியில் 'விருந்து' என்பது அதன் பொருள். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 'த பீஸ்ற்' என்னும் பெயரால் அது காட்டப்பட்டது.

பெரும்பொருட் செலவில் ஆக்கப்பட்ட படம் அன்று இது. ஒரு வீடு, அதனைச் சூழ்ந்த வயல், ஒரு பகலும் ஓர் இரவும், பெரும்பாலும் ஏழே பாத்திரங்கள். இவ்வளவே அதன் முதல். நெறியாளர் லீ ஹேவன் ஜோன்ஸ் என்பவர்க்கு முழுநீளத் திரைப்படம் என்ற வகையில் இதுவே முதன் முயற்சி. திரைக்கதையை ரொஜர் வில்லியம்ஸ் எழுதினார். வேல்ஸ் நாட்டுத் திரைப்பட வளர்ச்சிக்கென அமைந்த பில்ம் கம்ரி வேல்ஸ் என்னும் நிறுவனமும், வேல்ஸ் மொழித் தொலைக்காட்சியாகிய எஸ் போர் சியும் இதற்குத் துணைநின்றன. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநில விழாவொன்றில், நோய்ப்பரவல் காரணமாக இணையவழியே, இது முதன்முறை காட்டப்பட்டது. பிரித்தானியப் படமாளிகைகளுக்கு அது வந்தது 2022 ஆம் ஆண்டிலேதான்.

பிரித்தானியர் குறைந்த செலவில் அச்சப்படம் எடுப்பதில் நெடுநாட் பழக்கமுடையவர். அவற்றுள்ளும் நாட்டுப்புற நம்பிக்கைகளையும் பழஞ்சடங்குகளையும் பொருளாகக் கொண்ட ஒரு கிளை உண்டு. 1968 ஆம் ஆண்டில் மைக்கேல் றீவ்ஸ் நெறிப்படுத்திய 'விச்பைண்டர் ஜெனரல்', 1971 ஆம் ஆண்டில் பியர்ஸ் ஹகாட் நெறிப்படுத்திய 'த பிளட் ஒன் சேற்றன்ஸ் குளோ', 1973 ஆம் ஆண்டில் றொபின் ஹாடி நெறிப்படுத்திய 'த விக்கர் மான்' என்னும் மூன்றனையும் இக்கிளையின் மூலமெனச் சுட்டுதல் வழக்காயிற்று. ஹகாட் தம் படத்தைக் குறித்து வழங்கிய 'நாட்டார் அச்சக்கதை' என்னும் தொடரை, 2010 ஆம் ஆண்டில் மாக் கேற்றிஸ் பிபிசி தொலைக்காட்சியில் நடத்திய வரலாற்று நிகழ்ச்சியொன்று யாவரும் அறியச் செய்தது. பின்னர் இத்தொடரால் எதனையும் எவரும் அழைக்கலாயினர் என்பது வேறு கதை. ஒரு மரமும் ஒரு மூடுபனியும் இருப்பின் நாட்டார் அச்சக்கதை என்று சொல்லிவிடுகின்றனர்.

இம்மூன்று படங்களுள் ஈண்டு நாம் நினைவிற் கொள்ள வேண்டுவது 'த விக்கர் மான்'. அதன்கண் ஹொவி என்னும் காவலதிகாரி, காணாமற்போன சிறுமியொருத்தியைத் தேடிச் சமர்ஐல் என்னும் கற்பனைத் தீவுக்கு வருகின்றார். தீவினர் பழந்தெய்வ வழிபாட்டினர். அவரோ கிறித்தவ ஒழுக்கத்திற் பிடிவாதமுடையவர். ஈற்றில் அவரே பலிப்பொருளாகின்றார். இக்கதையின் எலும்புக்கூட்டை எடுத்து நோக்கின், வெளியூரவன் ஒருவன் ஊருக்குள் வருதல், ஊர் ஒன்றுபட்டு நிற்றல், வந்தவன் அழிதல் என்னும் மூன்றே தெரியும். அச்சம் ஊரின் பக்கம் நிற்கின்றது. ஊரவர் தம் மண்ணை அறிவர், வந்தவன் அறியான். இவ்வகைப் படங்கள் பலவற்றில் இவ்வெலும்புக்கூடு சிறிதும் மாறாது வருதலைக் காணலாம். 'குலெத்' இதனைத் தலைகீழாக்கிற்று. அதிலே மண்ணை அறியாதவர் அம்மண்ணிற் பிறந்தவர். வெளியே நின்று வருபவளோ அம்மண்ணேயாவாள். அப்படத்திற்கு ஒரு தனியிடம் உண்டென நாம் கருதுவதற்கு முதற்காரணம் இதுவே.

கதையை நோக்குவாம். தொடக்கத்திலே பசும்புல் வெளியொன்றில் நிலத்தைத் துளைக்கும் பொறி இயங்குகின்றது. அதனை இயக்குபவன் திடீரெனத் தள்ளாடி, செவியிற் குருதி ஒழுக, வீழ்ந்து மடிகின்றான். ஏன் என்பது சொல்லப்படவில்லை. அடுத்து நாம் காண்பது அவ்வயல்களின் நடுவே நிற்கும் ஒரு புதுமனை. கண்ணாடியும் கருங்கோட்டுச் சுவரும் வெறுமையுமாக அமைந்த அம்மனையில் கிளெண்டா என்னும் பெண்மணி அன்றிரவு விருந்தொன்றிற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கின்றாள். அவள் கணவன் குவின், இலண்டன் பாராளுமன்றத்து உறுப்பினன். மூத்தோர் இருவருக்கும் மைந்தர் இருவர். கிட்டோ என்பவன் இலண்டனிற் போதைப்பொருட் பழக்கத்துக்கு அடிமையாகி, ஊருக்குக் கொண்டுவரப்பட்டவன். இங்கிருப்பதைச் சிறையிருப்பாகக் கருதுபவன். குவெயிரித் என்பவன் மருத்துவத் தொழிலை விட்டு, நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் சேர்ந்த போட்டியொன்றிற்காகத் தன் உடலையே வழிபட்டுத் திரிபவன். தொழிலை விட்ட காரணம் நல்லதன்று என்பது பிற்பகுதியிலே தெரியவருகின்றது. விருந்தினர் இருவர். ஒருவன் எயிரோஸ், நிலத்தடிப் பொருளை அகழும் முயற்சிக்கு இடைநின்று, குடும்பத்துக்குச் செல்வம் வரச் செய்தவன். மற்றையவள் மாயிர், அடுத்த பண்ணைக்குரியவள், கிளெண்டாவின் பழைய தோழி. அவளுடைய நிலத்தையும் அகழ்வதற்கு இணங்கச் செய்தலே விருந்தின் உட்கருத்து. உணவு முகமன் மட்டுமே.

பரிமாற உதவும் வழக்கமான பெண் அன்று வரவில்லை. அவளுக்குப் பதிலாக ஊர்ச் சாராயக் கடையிலிருந்து கடி என்னும் இளம்பெண் வருகின்றாள். நனைந்த கூந்தல், அரிதாகவே வாய்திறத்தல், அவள் தொட்ட இடத்திற் சேறு படிதல். வேல்ஸ் மொழியில் இஃது ஓர் எளிய பெண்பெயர். எனினும் தமிழ் கற்றார்க்கு இப்பெயரைக் கேட்டவுடன் தொல்காப்பிய உரியியல் நினைவுக்கு வாராமற் போகாது. ஆண்டுக் கடி என்னும் உரிச்சொல் உணர்த்தும் பல பொருள்களுள் காப்பு என்பதும் ஒன்று, அச்சம் என்பதும் ஒன்று. தற்செயலான ஒலியொற்றுமை, ஆயினும் அப்பெண்ணின் இயல்பை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது.

அவள் யார்? அவ்வயல்களின் அப்பால் ஒரு மேடு உண்டு. அதனுள் ஒருத்தி துயில்கின்றாள், அவளை எழுப்புதல் ஆகாது என்பது ஊரிற் பழையோர் நம்பிக்கை. கிளெண்டாவும் மாயிரும் சிறுமியராக இருந்தபோது இக்கதை கேட்டு வளர்ந்தவர். அகழும் பொறி அம்மேட்டையே துளைத்தது என்பதனை விருந்தின் நடுவே அறிந்த மாயிர் திடுக்கிட்டெழுகின்றாள். கிளெண்டாவோ அதனைச் சிறுபிள்ளைக் கதையென்று நகைக்கின்றாள். படம் முழுவதிலும் மிக நுண்ணிய இடம் இதுவே என்பது எம் கருத்து. பேய் தோன்றும் காட்சியன்று. இரண்டு பெண்கள் ஒரே கதையை நினைவுகூர, ஒருத்திக்கு அது கதையாகவும் மற்றையவளுக்கு அது சட்டமாகவும் இருத்தல். ஒரு தலைமுறைக்குள் ஒரு நம்பிக்கை எவ்வாறு பழங்கதையாக மாறுகின்றது என்பதனை நாட்டார் வழக்காறு ஆராய்வோர் பல பக்கங்களில் எழுதுவர். இங்கே ஓர் உணவு மேசையில் அது முடிந்துவிடுகின்றது.

இனி, இவ்வணங்கின் மரபினை ஆராய்வாம். வேல்ஸ் மொழியின் பழைய உரைநடைக் கதைகளுட் சிறந்தன மாபினோகியின் நான்கு கிளைகள். பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட றிடர்க்கின் வெள்ளைப் புத்தகத்திலும், அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ஹெர்கெஸ்ற்றின் செம்புத்தகத்திலும் அவை காக்கப்பட்டன. சீமாட்டி சார்லற் கெஸ்ற் 1838 ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே வெளியுலகு அவற்றை அறிந்தது. நான்காங் கிளையிலே பிளொடெய்வெத் என்னும் பெண்ணின் கதை வருகின்றது. குடும்பம் ஒன்று தன்னைத்தானே எவ்வாறு அழித்துக்கொள்ளும் என்பதற்கு இதனின் மிக்க எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஆரியன்ரொட் என்பவள் தனக்குப் பிறந்த மகனை ஏற்க மறுத்தாள். பிள்ளையை அவள் உடன்பிறந்தானாகிய குவிடியன் என்னும் மாயக்காரன் வளர்த்தான். பிள்ளையைக் கண்ட தாய் மூன்று விதிகளை அவன்மீது சுமத்தினாள்: தான் இட்டாலன்றி அவனுக்குப் பெயர் இல்லை, தான் பூட்டினாலன்றி அவனுக்குப் படைக்கலம் இல்லை, இவ்வுலகில் உள்ள எவ்வினத்திலும் அவனுக்கு மனைவி இல்லை. முதலிரண்டையும் குவிடியன் வஞ்சனையால் வென்றான். சப்பாத்துத் தைப்பவன் வேடத்திற் பிள்ளையை அழைத்துச் சென்று, அவன் குறிதவறாது ஒரு சிறு குருவியை எறிந்தடித்த திறத்தைத் தாயே வியந்து கூறிய சொல்லைப் பெயராக்கினான். லேயூ என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. பகைவர் கடற்படையொன்று வருவது போன்ற மாயத்தோற்றத்தை உண்டாக்கி, அவள் கையாலேயே அவனுக்குப் படைக்கலம் பூட்டுவித்தான். மூன்றாவதற்கு வஞ்சனை போதவில்லை. ஆகவே அவனும் மத் என்னும் மந்திரம் வல்ல அரசனும் கூடி, ஓக்கு மரத்தின் பூவும், புரூம் என்னும் புதர்ச்செடியின் பூவும், மெடோசுவீற் என்னும் புல்வெளிச் செடியின் பூவும் கொண்டு ஒரு பெண்ணைப் படைத்தனர். பூவாலாகிய அவளை லேயூவுக்கு மணமுடித்தனர். அவள் விருப்பத்தை வினவினார் யாருமிலர்.

அவள் வேறொருவனைக் காதலித்தாள். குரோனு என்பவன் அவன். கணவனைக் கொல்லும் வழியை அவள் கணவனிடமே அன்பாகக் கேட்டறிந்தாள். லேயூவை வீட்டினுள்ளும் கொல்லலாகாது, வெளியிலும் கொல்லலாகாது. குதிரைமீதும் ஆகாது, நிலத்திலே காலூன்றிய நிலையிலும் ஆகாது. ஆற்றங்கரையிற் கூரை வேய்ந்த குளிதொட்டியின் விளிம்பில் ஒரு காலும், ஆட்டுக்கடாவின் முதுகில் மறுகாலும் வைத்து அவன் நிற்கும்போது, ஞாயிறு தோறும் பூசை வேளையில் மாத்திரம் ஓராண்டு அடித்துச் செய்த வேலால் எறிந்தாலன்றி அவன் இறவான். உள்ளும் அன்று புறமும் அன்று என்னும் இவ்வரம்பு இரணியன் வரலாற்றை நமக்கு நினைவூட்டுவது இயல்பே. இடையீடான நிலைகளிலேயே ஆபத்து உறைகின்றது என்னும் எண்ணம் பல நாடுகளுக்கும் பொதுவாயிற்றுப் போலும். வேல் பட்ட லேயூ கழுகாகிப் பறந்தான். ஒரு மரத்தின்மேல் அவன் இருக்க, அவனிடமிருந்து அழுகிய தசையும் புழுவும் உதிர, அதனைத் தின்ன வந்த பன்றியைத் தொடர்ந்து சென்று குவிடியன் அவனைக் கண்டு மீட்டான். பின்பு பிளொடெய்வெத்தைக் கொல்லாது ஆந்தையாக மாற்றினான். பிற பறவைகள் யாவும் அவளை வெறுக்கும் என்பதே தண்டனை.

'குலெத்' இக்கதையின் நேர்வழியான ஆக்கம் அன்று. ஆயினும் அதன் ஒவ்வோர் உறுப்பும் இங்கே இடம்மாறிக் கிடத்தலைக் காணலாம். கிட்டோவின் காலிற் பட்ட காயம் அழுகி மணக்கின்றது. அது மரத்தின்மேல் இருந்த லேயூவின் அழுகல். மைந்தரை ஏற்க விரும்பாத தாய் இங்கே கிளெண்டா. பெற்ற பிள்ளைகள் இருவரும் அவளுடைய ஒழுங்கான மனையிற் பொருந்தாத தளபாடங்கள் போலவே கிடக்கின்றனர். பூவால் ஆக்கப்பட்டுத் தொண்டுக்கென வீட்டிற் கொண்டுவந்து விடப்பட்டவள் இங்கே மண்ணிலிருந்து தானாக எழுந்து, தொண்டு செய்வாள் போலக் கதவைத் தட்டுகின்றாள். பழங்கதையிலே ஆடவர் இருவர் பெண்ணொருத்தியை இயற்கையிலிருந்து ஆக்கினர். படத்திலே இயற்கை தனக்கொரு பெண்ணை ஆக்கிக்கொள்கின்றது. இம்மாற்றம் சிறிதன்று.

பிளொடெய்வெத்தின் பக்கம் நின்று நோக்குதல் இப்படத்தார் தொடங்கிய புதுமை என்று கொள்ளற்க. சோண்டர்ஸ் லூவிஸ் என்னும் பெரும் நாடகாசிரியர் அவள் பெயராலேயே ஒரு நாடகம் இயற்றி 1948 ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். ஆங்கிலத்தில் அலன் கார்ணர் 1967 ஆம் ஆண்டில் 'த அவுல் சேவிஸ்' என்னும் நாவலிலே, மறுமணத்தால் ஒட்டவைக்கப்பட்ட ஓர் ஆங்கிலக் குடும்பம் வேல்ஸ் பள்ளத்தாக்கொன்றில் விடுமுறை கழிக்க வந்து, தங்கள் பகையினாலேயே அப்பழங்கதையை மீண்டும் நிகழச் செய்வதனைக் காட்டினார். அதனைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கினர். சோண்டர்ஸ் லூவிஸ் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1962 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவர் வானொலியில் நிகழ்த்திய 'மொழியின் விதி' என்னும் பேருரையே வேல்ஸ் மொழி இயக்கம் தோன்றக் காரணமாயிற்று. அதன் தலைப்பில் அவர் வைத்த 'தங்கெட்' என்னுஞ் சொல், ஆரியன்ரொட் தன் மகன்மீது சுமத்திய விதியைக் குறிக்கும் அதே சொல். தாய் மறுத்த பிள்ளை என்னும் உருவம் அம்மொழிக்கு எத்துணைப் பொருந்தும் என்பதனை அவர் அறியாமலா தேர்ந்திருப்பார்?

இங்கே மொழியைப் பற்றிச் சிறிது விரித்தல் வேண்டும். 'வேல்ஸ்' என்னும் ஆங்கிலப் பெயர் 'அந்நியர்' என்னும் பொருளுடைய பழைய செருமானியச் சொல்லின் வழிவந்தது. அந்நாட்டார் தம்மைக் 'கம்ரி' என்பர். 'ஒரே நாட்டார்' என்பது அதன் அடிப்பொருள். சொந்த மண்ணிலேயே அந்நியர் என அழைக்கப்பட்ட மக்கள் அவர். 1536 ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்திலும் அரச பணியிலும் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடசாலைகளில் வேல்ஸ் மொழி பேசிய மாணவன் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தூக்குவர். அவன் வேறொருவன் பேசக் கேட்பின் அதனை அவன் கழுத்துக்கு மாற்றுவான். மாலையில் அது யாரிடம் உண்டோ அவனுக்கு அடி. ஆசிரியராக உள்ளோர் இதனை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்த்தல் தகும். பிள்ளைகளை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கச் செய்து ஒரு மொழியை ஒடுக்கிய முறை அது. 2011 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில் வேல்ஸ் மொழி பேசத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்தொன்பதின்மர். 2021 ஆம் ஆண்டில் அது 17.8 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய 538,000 பேர். எஸ் போர் சி தொலைக்காட்சி தானும் எளிதிற் கிடைத்ததன்று. அரசு தன் வாக்குறுதியிலிருந்து பின்வாங்கவே, கின்வோர் எவன்ஸ் 1980 ஆம் ஆண்டில் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என அறிவித்தார், அரசு இணங்கிற்று, 1982 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி ஒளிபரப்புத் தொடங்கிற்று.

இத்தகைய மொழியில் ஒரு படம் எடுப்போர் பெரும்பாலும் அம்மொழியின் பெருமையைப் பாடவே முற்படுவர். முதன்முதல் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட வேல்ஸ் மொழிப் படமாகிய 'ஹெத் வின்' (1992), முதலாம் உலகப் போரில் மாண்ட கவிஞர் ஒருவரின் வரலாறு. 'இ குவித்' போன்ற துப்பறியுந் தொடர்கள் 2013 ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு காட்சியையும் வேல்ஸ் மொழியில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் படம் பிடித்து இருவகைச் சந்தையையும் நாடின. 'குலெத்' அவ்வாறு செய்யவில்லை. வேல்ஸ் மொழி ஒன்றிலேயே நின்றது. அங்ஙனம் நின்று அது செய்ததுதான் வியப்பு: தீயோர் யாவரையும் அம்மொழியே பேச வைத்தது.

இதன் கருத்து விளங்க வேண்டுமாயின் வேறொரு நிகழ்ச்சியை அறிதல் வேண்டும். கப்பல் கெலின் என்பது வட வேல்ஸில் றவெறின் பள்ளத்தாக்கிற் கிடந்த சிற்றூர். லிவப்பூல் நகருக்கு நீர் வழங்கும் பொருட்டு அதனை மூழ்கடிக்க 1957 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. வேல்ஸ் நாட்டு உறுப்பினர் ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களித்திலர். ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. 1965 ஆம் ஆண்டில் பாடசாலை, வழிபாட்டிடம், கல்லறை, வீடுகள் யாவும் நீருக்குள் அமிழ்ந்தன. 2005 ஆம் ஆண்டில் லிவப்பூல் நகரவை மன்னிப்புக் கேட்டது. வேல்ஸ் மக்களின் நெஞ்சில் இந்நிகழ்ச்சி ஆழப்பதிந்தமைக்குக் காரணம், அதிலே கொடுத்தவர் யார் எடுத்தவர் யார் என்னும் ஐயம் இல்லாமையே. எடுத்தது ஆங்கில நகரம். இழந்தது வேல்ஸ் ஊர். இலண்டனில் இருந்த வேல்ஸ் உறுப்பினர் தம் நிலத்துக்காக நின்றனர்.

'குலெத்' காட்டும் பாராளுமன்ற உறுப்பினன் குவின் எங்ஙனம் நிற்கின்றான்? அவன் தன் மனைவியின் முன்னோர் நிலத்தைத் தானே துளையிடக் கொடுத்தவன். பணத்தைப் பெற்றவர் வெளியார் அல்லர். கிளெண்டா தன் தாயின் பழைய பண்ணை வீட்டை இடித்து அவ்விடத்திலேயே புதுமனை எழுப்பினாள். அவள் பேசும் மொழி தாய் பேசிய மொழியே. ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது அம்மொழியாற் சுட்டப்பட்ட பொருள். மேடு என்னும் சொல் அவளுக்கு இப்போது வருமானத்தின் பெயர். மொழி காக்கப்பட்டால் யாவும் காக்கப்படும் என்று எண்ணுவோர்க்கு இப்படம் ஒரு கசப்பு மருந்து. வேல்ஸ் மொழியிற் பேசிக்கொண்டே வேல்ஸ் நிலத்தை விற்கலாம் என்று அது சொல்லுகின்றது. சிறிய மொழியொன்றிற் படம் எடுப்பவர் தம்மவரை நோக்கி இவ்வாறு சொல்லத் துணிதல், அம்மொழிக்குச் செய்யும் மரியாதை என்றே நாம் கருதுவோம். முகப்புகழ்ச்சி பாடுவோர் எத்துணைப் பேர்!

படப்பிடிப்புக்கு அவர் தேர்ந்த மனையும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. பொவிஸ் பகுதியில் லான்பிஸ்ரர் என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள அது, ஜோன் போசன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வகுத்தது. விடுமுறைக்கு வருவோர்க்கு வாடகைக்கு விடப்படுவது. விடுமுறை மனைகள் வேல்ஸ் நாட்டில் வெறுங் கட்டடங்கள் அல்ல. ஊர்ப்பிள்ளைகள் வாங்க இயலாத விலைக்கு வீடுகள் வெளியார் கைக்குப் போவது அங்கே பழைய மனக்குறை. 1979 ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அத்தகைய வீடுகள் பல இரவிலே தீக்கிரையாயின. அச்செயலை நாம் போற்றவில்லை. ஆனால் அந்நினைவுடைய பார்வையாளர், இவ்வழகிய வெறுமனையைத் திரையிற் கண்டவுடனேயே ஏதோ நிகழப்போகின்றது என்று உணர்ந்திருப்பர்.

நிலத்தை அகழ்தலும் அவ்வாறே. 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி அபர்பான் என்னும் ஊரிலே, நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைக் குவித்த குன்று சரிந்து பாடசாலையின்மேல் வீழ்ந்தது. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். நீரூற்றுகளின் மேலே அக்குவியலை எழுப்பியிருந்தனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை தேசிய நிலக்கரிச் சபையின்மேற் பொறுப்பைச் சுமத்திற்று. இங்கே அணங்கு எதுவும் இல்லை, கவனமின்மை மாத்திரமே. இதனை ஏன் கூறினோம் எனின், மண்ணைத் தோண்டினால் மண் பழிவாங்கும் என்னும் கற்பனைக்கும் வேல்ஸ் மக்களின் உண்மை அநுபவத்துக்கும் இடையே உள்ள தூரம் குறுகியது என்பதனைக் காட்டவே. வேறு நாட்டார்க்கு உருவகமாய்த் தோன்றுவது அவர்க்கு ஒரு திகதியாகவும் தோன்றும்.

இனிப் படத்தின் குணகுற்றங்களைச் சிறிது கூறுவாம். ஆனெஸ் எல்வி பணிப்பெண்ணாக நடித்தார். நியா றொபேட்ஸ் கிளெண்டாவாக நடித்தார். பேசாது நின்று ஒரு வீட்டையே கலங்கச் செய்யும் முன்னவரது நடிப்பு எளிதில் மறக்கற்பாலதன்று. முதல் ஒரு மணி நேரமளவும் ஏதும் நிகழாதது போல நகர்த்திச் செல்லும் துணிவும் பாராட்டத்தக்கது. முயலைத் தோலுரித்தல், மேசைத்துணியை விரித்தல், கிண்ணங்களை வரிசைப்படுத்தல் என்னும் அற்ப வேலைகளே அச்சத்தை விளைக்கின்றன. பிற்பகுதியில் நெறியாளர் இந்நிதானத்தைக் கைவிட்டுவிட்டார். குருதியும் சிதைவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் அவரவர் குற்றத்திற்கேற்ற தண்டனை அளந்து வழங்கப்படுகின்றது. உண்பதில் ஆசையுடையவன் உணவாலும், உடலில் ஆசையுடையவன் உடலாலும் அழிதல் என்னும் இக்கணக்கு, அறநூல் எழுதும் சிறுவன் போட்ட கணக்குப் போல இருக்கின்றது. முன்னரே பாத்திரங்களுக்கு ஆளுக்கொரு குற்றத்தைப் பட்டயமாகக் கட்டிவிட்டமையால் வந்த வினை இது. கிளெண்டா ஒருத்தியே அப்பட்டயத்துக்கு அடங்காதவள். பணிப்பெண் தன் தாய் பாடிய பாட்டைப் பாடக் கேட்டு அவள் ஒரு கணம் நிற்கும்போது, இடிக்கப்பட்ட பண்ணை வீடு முழுவதும் அவள் முகத்திலே தெரிகின்றது. அத்தகைய இடங்கள் இன்னும் நான்கைந்து இருந்திருப்பின் இப்படம் வேறொரு தரத்துக்கு உயர்ந்திருக்கும்.

தண்டனையின் நியாயத்தைப் பற்றியும் ஒன்று வினவலாம். கிட்டோவை எடுத்துக்கொள்க. போதைக்கு அடிமையானவன், ஆனால் நிலத்தை விற்றவன் அல்லன். அவனுக்கும் கிடைப்பது அதே முடிவு. அணங்குக்குக் குடும்பம் ஒன்றே, தனியாள் இல்லை. பழைய கதைகளிலே சாபம் இவ்வாறுதான் குலத்தைத் தொடரும் என்று நாம் அமைதி கூறிவிடலாம். ஆரியன்ரொட்டின் சினமும் தமையன்மேற் சென்றிருக்க வேண்டியது, பிள்ளைமேல் விழுந்ததன்றோ!

ஆயினும் நம்மைக் கடைசிவரை விடாது வருத்துவது வேறொன்று. விருந்துக்கு வந்தவள் மேட்டின் தெய்வம். ஆனால் அவள் அணிந்து வந்தது கடி என்னும் ஓர் ஊர்ப்பெண்ணின் உடல். சாராயக் கடையில் வேலை செய்து, ஓர் இரவுக் கூலிக்காகப் பெரிய வீட்டுக்குப் புறப்பட்ட அப்பெண் அங்கே ஒருபோதும் வந்து சேரவில்லை. அவளுக்குத் தாய் உண்டா, அவளை அன்றிரவு யாரேனும் காத்திருந்தனரா என்பவற்றைப் படம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மத்தும் குவிடியனும் பூக்களைப் பறித்துப் பெண்ணாக்கியபோது அவற்றின் விருப்பத்தைக் கேளாதது போலவே, அணங்கும் தனக்கு வேண்டிய உருவை அவ்வூரின் மிக எளியவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. செல்வர் வீட்டு மேசையில் ஆறுபேர் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர். ஏழாமவள் பெயரையும் அழைக்கின்றனர். விடை சொல்வதற்கு அவள் அங்கில்லை.